ஸ்கேன் பாயும் மூச்சு வாங்கிய லேப்டாப்பும்

உத்திரமேரூர் பஜாரில் எந்தக் கம்ப்யூட்டருக்குச் சளி பிடித்தாலும் முதலில் தும்முகிறவர் ஸ்கேன் பாய்தான். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவரைப் பார்த்தவர்கள் குறைத்துச் சொல்கிறேன் என்பார்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. பஜார் தெருவில் குடை, சூட்கேஸ், பள்ளிக்கூடப் பை விற்கிற கடை ஒன்று இருந்தது. கல்லாவில் பெரிய பாய் உட்கார்ந்திருப்பார். அவருடைய தம்பிதான் நம் ஆள். மேலே தொங்குகிற பைகளைத் தலையால் விலக்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனால் ஒரு மேஜை, அதன்மேல் வயிறு பிளந்து கிடக்கிற நாலைந்து கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கு நடுவில் இவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்கள் பாதி மூடியே இருக்கும். பேசும்போது நம்மைத் தாண்டி எதையோ பார்ப்பார். முதல் தடவை போகிறவர்கள் தங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது பென்டிரைவால். அப்போதெல்லாம் பென்டிரைவ் என்பது ஊரிலுள்ள வைரஸ் எல்லாம் டிக்கெட் இல்லாமல் ஏறிப் போகிற டவுன் பஸ். ஒரு கம்ப்யூட்டரில் குத்தி எடுத்தால் இரண்டு, அடுத்ததில் குத்தினால் நாலு. பாய் தன் மேஜையில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். யார் வந்தாலும் பென்டிரைவை அந்தத் தட்டில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது ஸ்கேன் ஆகி முடிகிற வரை அவரும் தொடமாட்டார், நம்மையும் தொட விடமாட்டார். பென்டிரைவைத் தொட்ட கையோடு அவர் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவார். கம்ப்யூட்டர் வைரஸ் மனிதனுக்கு வராது பாய் என்று ஒருமுறை சொன்னேன். அப்படித்தான் எல்லாத்துக்கும் முதலில் சொல்வார்கள் என்றார்.

இந்தப் பெயரால் ஒரு குழப்பமும் வந்தது. மாகறல் பக்கத்திலிருந்து ஒருவர் நிறைமாத மனைவியைக் கூட்டிக்கொண்டு வெயிலில் வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் யாரோ, "ஸ்கேனா? பஜார்ல பாய் கடை" என்று கை காட்டியிருக்கிறார்கள். பெரிய பாய் கல்லாவைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். நம் பாய் பதறவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கடையிலிருந்தே ஒரு குடையை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு, உண்மையான ஸ்கேன் சென்டர் வரை கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். போன இடத்தில் அங்கிருந்த கம்ப்யூட்டரில் எந்த ஆன்ட்டி வைரஸ் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தாராம். சரியில்லை என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தார்.

அவரைப் பார்க்க வேண்டிய நேரம் ஒரு முழு ஸ்கேன் ஓடுகிற நேரம். திரையின் அடியில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடும் இல்லையா, நாமெல்லாம் எழுந்து போய்விடுவோம். அவர் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, செய்யாற்றில் புதுத் தண்ணீர் வருவதைக் கரையில் நின்று பார்ப்பவர்போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணப் பத்திரிகை, கடன் மனு, பாட்டு, குழந்தை போட்டோ எல்லாம் பெயராக மட்டும் அவர் முன்னால் மிதந்து போகும். டீ ஆறிப்போய் ஏடு கட்டிக்கொள்ளும். ஒருநாளும் எதையும் திறந்து பார்த்ததில்லை. நான் கேட்டதற்கு, "பேர பாத்துக்கலாம் நைனா. உள்ள போவக் கூடாது" என்றார்.

நான் அப்போது ஊருக்கு வெளியே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக கிளார்க். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அது ஆனால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் ஒரு பழைய லேப்டாப். பள்ளிக்கூடத் தாளாளரின் உறவினர் யாரோ, தனக்கு உதவாது என்று முடிவானதும் கல்விக்கு உதவட்டும் என்று கொடுத்தது. ஹாலோ பிளாக் கல் கனம். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். அதன் ஞாபகசக்தி இருநூற்றைம்பத்தாறு எம்பி. காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மணி அடித்து, பிரேயரில் நின்று, கொடியை வணங்கிவிட்டு வந்தால் அது அப்போதுதான் 'வெல்கம்' சொல்லிக்கொண்டிருக்கும். ஆனாலும் வேலை நடந்தது.

நடந்துகொண்டிருந்த வேலையைத் தாளாளர்தான் நிறுத்தினார், நல்ல எண்ணத்தோடு. சென்னைக்குப் போனவர் ஒரு ஆன்ட்டி வைரஸ் வாங்கி வந்தார். பெரிய டப்பா. அதன்மேல் கவசம் அணிந்த ஒரு வீரன் வாளை ஓங்கிக்கொண்டு நின்றான். தாளாளர் தன் கண்ணெதிரிலேயே அதை லேப்டாப்பில் ஏற்றச் சொன்னார். அன்றிலிருந்து லேப்டாப் எழுந்து நிற்பதற்கே முதல் பீரியட் முடிந்துவிடும். 'அ' என்று தட்டினால், நான் ஜன்னலுக்கு வெளியே இரண்டு மாடு கடந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திரையில் 'அ' வரும்.

அதே வாரம்தான் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை அனுப்ப வேண்டியிருந்தது. பரீட்சை எழுதப்போகிற அத்தனை பேரின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் சி.டி.யில் போட்டு வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒப்படைக்க வேண்டும். இதில் இருக்கிற பெயர்தான் சான்றிதழில் வரும். பெரும்பாலும் அடித்து முடித்திருந்தேன். திங்கட்கிழமை லேப்டாப் அப்படியே உறைந்து நின்றது. தலைமையாசிரியை பெரிய டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதைக் கோணிப்பையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிப் பாய் கடைக்குக் கொண்டுபோனேன்.

பாய் அதைத் திறக்கவில்லை. முதலில் குனிந்து காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் பெரிய பாய் யாரிடமோ குடைக்கம்பி விவகாரம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பண்ணாம குந்திக்கினு கீது, அப்பவே மூச்சு வாங்குது பாரு" என்றார் பாய். "உள்ள யாரு கீறாங்கோ?"

நான் கூடவே கொண்டுபோயிருந்த டப்பாவைக் காட்டினேன். அவர் அந்த வீரனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இது ஒத்த ரூம் வூடு நைனா. இவரு வாள சுத்தறதுக்கே எடம் பத்தாது. வூட்டுக்காரன் எங்க குந்துவான்?" என்று கேட்டார்.

வீரனை நீக்கினார். அன்றே லேப்டாப் பாதி உயிர் பெற்றது. பட்டியலை ஒரு சி.டி.யில் எடுத்து வைக்கலாம் என்றால், லேப்டாப்பின் சி.டி. டிரைவுக்குப் படிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. பென்டிரைவ் வழியாக எடுப்பதற்கு, லேப்டாப் சுத்தம் என்று தெரியாமல் அவர் ஒப்பவில்லை. எனவே அதற்கேற்ற காவல்காரனைத் தேடும் படலம் ஆரம்பமானது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்கள்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவருடைய சோதனைகள் அவருக்கே உரியவை. பொத்தானை அழுத்திவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து திரும்புவார். அதற்குள் லேப்டாப் எழுந்திருக்க வேண்டும். பிறகு ஒரு ஜன்னலைத் திரையில் பிடித்து இழுப்பார். பின்னாலேயே அதன் நிழல்கள் பத்துப் பன்னிரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் தேறாது. பிறகு காதை வைப்பார். நாம் எதுவும் செய்யாதபோது உள்ளே கரகரவென்று ஓடினால் அதுவும் தேறாது. கடைசியாக, எவ்வளவு ஞாபகசக்தியை அது தின்கிறது என்கிற கணக்கைத் திறந்து, ரத்த அழுத்தம் பார்க்கிற டாக்டர்போல உதட்டைப் பிதுக்குவார்.

முதலில் வந்ததற்கு வாயாடி என்று பெயர் வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மூலையில் எட்டிப்பார்த்து, நான் இருக்கிறேன், நான் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்தது தூங்குமூஞ்சி. எடையே இல்லை, அவ்வளவு இலேசு. பாய் தன் மேஜை டிராயரிலிருந்து, ஊரிலேயே மோசமானது என்று தனியாகக் கட்டி வைத்திருந்த ஒரு பென்டிரைவைக் குத்தினார். தூங்குமூஞ்சி அதற்கும் எதுவும் சொல்லவில்லை. "இலேசா இருந்தா மட்டும் போதுமா, முழிச்சிக்கினும் இருக்கணுமே" என்றார் பாய். உள்ளே வந்ததைக் கழுவித் துடைக்க அவருக்கு ஒரு பகல் ஆனது. நான் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் மட்டும் அன்று ஒரு நிம்மதி இருந்தது.

புதன்கிழமை மதியம் மூன்றாவதாக ஒன்றைப் போட்டார். மெலிந்த சின்ன நிரல். படமும் இல்லை, சத்தமும் இல்லை, மூலையில் ஒரு புள்ளி மட்டும். பஸ் ஸ்டாண்ட் சோதனையில் பாய் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார், லேப்டாப் அதற்குள் எழுந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். எழுந்திருந்தது. கெட்ட பென்டிரைவைக் குத்தியதும் புள்ளி சிவப்பானது. அதற்கு ஒல்லி என்று பெயர் வைத்தார். முழு ஸ்கேனை இன்னும் ஒரு நாள் பொறுமையாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியலை எடுக்கலாம், வியாழன் சாயங்காலம் வா என்றார்.

எனக்குப் பொறுமை இல்லை. இன்னும் ஏழெட்டுப் பெயர் அடிக்க வேண்டும் என்று சொல்லி லேப்டாப்பைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாய் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மிச்சப் பெயர்களையும் சரசரவென்று அடித்து முடித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாளாளர் வரப்போவதாகப் பெரிய டீச்சர் சொன்னார். வந்தால் வீரனைத் தேடுவார். நான் நிரந்தரம் ஆக வேண்டியவன். டப்பாவைத் திறந்து, ஒல்லி இருக்கும்போதே வீரனையும் ஏற்றினேன். ஒருவருக்கு இருவர் காவல் இருக்கட்டுமே என்று மனதில் ஒரு சமாதானம் வேறு.

வியாழக்கிழமை காலையில் பட்டியலைக் காணோம்.

நடந்தது இதுதான். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பென்டிரைவில் ஏறிய ஏதோ ஒரு பூச்சி பட்டியலுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்திருக்கிறது. வீரன் வந்ததும் வராததுமாக அதைக் கண்டுபிடித்து, பட்டியலையே பிடித்துத் தன் ஜெயிலில் போட்டுவிட்டான். ஒல்லிக்கு வீரனின் ஜெயில்மேலேயே சந்தேகம் வந்து, அதை வெளியிலிருந்து பூட்டிவிட்டது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, லேப்டாப் அசையவில்லை. மறுபடியும் கோணிப்பை, மறுபடியும் சைக்கிள். அந்த ஒரு மைல் தூரத்தில் நான் மனதுக்குள் வேலை போய், கல்யாணம் நின்று, ஊரைவிட்டே போய்விட்டேன்.

பாய் திட்டுவார் என்று நினைத்தேன். எனக்கு நாற்காலி போட்டு, கர்ப்பிணிக்குக் கொடுத்த மாதிரி தண்ணீர் கொடுத்தார். பிறகு லேப்டாப்பைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, வீரனை இறக்கி, ஜெயிலைத் திறந்தார். பட்டியல் உள்ளே இருந்தது. ஆனால் அதை அப்படியே வெளியே விட்டால் பூச்சியும் வரும். எழுத்தை மட்டும் தனியாக உருவி எடுத்தார். எடுத்தபோது பிறந்த தேதிகள் எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. ஒவ்வொரு பிள்ளைக்கும் முந்தின பிள்ளையின் பிறந்தநாள்.

ஒரு வரி மேலே ஏற்றிவிட்டால் போதும் என்றேன் நான். பாய் தலையை ஆட்டினார். நடுவில் எங்கெங்கே நழுவியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றார். நாளைக்குக் கொடுக்க வேண்டும், நேரமில்லை பாய் என்று நான் ஏறக்குறைய அழுதேன்.

அவர் அப்போதுதான் முதல்முறையாக என்னைத் தாண்டிப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"என் பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்ல பேரு ஒரு எழுத்து தப்பு நைனா. எவனோ அடிச்சப்ப அவசரம். பாஸ்போர்ட்ல ஒரு பேரு, அதுல ஒரு பேரு. சவூதிக்கு விசா வந்து திரும்பிப் போய்ச்சி. ரெண்டு வருசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். ஒரு எழுத்துதான்."

நான் எழுந்து சைக்கிளை எடுத்தேன். பெரிய டீச்சரிடம் ஒரு சந்தேகம் என்று மட்டும் சொல்லி, பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

மதியத்திலிருந்து உட்கார்ந்தோம். பதிவேட்டை நான் படிக்க, திரையில் அவர் சரிபார்த்தார். பைகளின் இடுக்கு வழியாகத் தெருவின் வெயில் கோடு கோடாக மேஜைமேல் விழுந்து மெல்ல நகர்ந்தது. வேகமாகப் படிக்க அவர் விடவில்லை. ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சில பெயர்களில் நின்றுவிடுவார். பவழக்கொடி என்று ஒரு பெண். "நல்லா கீது பேரு" என்று ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துச் சொன்னார். இரட்டையர்கள் இருவர் வந்தபோது, ஒரே பிறந்த தேதியை இரண்டுமுறை சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் பதற்றம் எப்போது போனது என்று தெரியவில்லை. பெயர்களும் தேதிகளும் போய்க்கொண்டே இருந்தன. ஆடிப்பட்டம், அறுவடை, மழைக்காலம் என்று எந்தெந்த மாதத்திலோ பிறந்த பிள்ளைகள் எல்லாம் அந்தக் குடைக்கடைக்குள் வந்து நின்றுவிட்டுப் போவதுபோல இருந்தது.

ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. பதிவேட்டில் 'முருகேசன்'. திரையில் 'முருகேஷ்'.

"வைரஸ் இந்த வேலையும் பண்ணுமா பாய்?" என்று கேட்டேன்.

"இது வைரஸ் பண்ணது இல்ல நைனா" என்றார். "நீ பண்ணது."

அப்படி என் கைங்கரியம் மட்டும் ஐந்து கிடைத்தது. வீரனும் ஒல்லியும் சண்டை போட்டிருக்காவிட்டால் அவை அப்படியே சான்றிதழுக்குப் போயிருக்கும். நடுவில் பாய் தொழுகைக்குப் போய் வந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசிப் பெயர் முடிந்தது. பட்டியலைத் தட்டு வழியாகத்தான், முறைப்படி ஸ்கேன் செய்து, தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி சி.டி.யில் எழுதிக் கொடுத்தார். கையைக் கழுவிவிட்டு, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் சி.டி.யை வாங்கிக்கொண்டவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பூச்சிகூட இல்லாமல் வந்த முதல் பள்ளிக்கூடம் இதுதான் என்றார்.

வீரன் பிரச்சினை பாக்கி இருந்தது. அதற்கும் பாயே வழி செய்தார். லேப்டாப்பில் ஒல்லி மட்டும் இருந்தது. ஆனால் திரையில் வலது மூலையில், வாளை ஓங்கிய வீரனின் படம் ஒன்று இருந்தது. வெறும் படம். தட்டினால் ஒன்றும் நடக்காது. தாளாளர் வந்தார். முதலில் வீரனைப் பார்த்தார். பிறகு லேப்டாப் எழுந்த வேகத்தைப் பார்த்தார். தான் வாங்கி வந்த பொருளின் தரம் அது என்று பெரிய டீச்சரிடம் விளக்கினார். காசு போனாலும் நல்லதாக வாங்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் என்னை நிரந்தரம் ஆக்கினார். பாயிடம் போய், இது பொய் ஆகாதா என்று கேட்டேன். சாமி படம் மாட்டுகிற வீட்டில் சாமியா உட்கார்ந்திருக்கிறது, படம் படம்தான் என்று அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. அதைச் சொல்லும்போது அவர் மறுபடியும் என்னைத் தாண்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

மூன்று வருடம் கழித்து, எங்கள் நிர்வாகம் காஞ்சிபுரத்துக்கு அப்பால் தாமலில் நடத்திய இன்னொரு பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். பழையது என்று லேப்டாப்பையும் என்னோடு சேர்த்தே அனுப்பினார்கள். அங்கே இன்டர்நெட் கிடையாது. ஒல்லிக்கு மாதம் ஒருமுறை புது வைரஸ்களின் விவரத்தை ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் தூங்குமூஞ்சிதான். பாய் அதை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சி.டி.யைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காஞ்சிபுரத்தில் பஸ் மாறி அவரே வந்து இறங்குவார். சி.டி.யைப் போட்டுவிட்டு, அது ஏறி முடிகிற வரை நாங்கள் ஏரிக்கரையில் போய் உட்காருவோம். அவ்வளவு பெரிய ஏரி. தண்ணீர் நிறைந்திருந்தால் அக்கரை தெரியாது. பாய் தண்ணீரைத் தாண்டி எதையோ பார்ப்பார். அவர் பார்க்கிற திசையையே நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் தெரியாது, ஆனால் எழுந்துவரத் தோன்றாது.

மறு வருடம் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. ஒல்லி தினமும் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. பாய் வருகிற சனிக்கிழமைகளில் மட்டும் அந்த இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். கடைசிவரை அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.